விழுப்புரத்து லங்காவி

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் இருதயராஜுக்கு லங்காவித் தீவு கிடைத்துவிட்டது என்று தெரிந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். தீவையே பட்டா போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரிதான் பேச்சு இருந்தது. கிடைத்தது நாலு நாள் ஓசிப் பயணம். மார்ச் முடிவதற்குள் இத்தனை டின் எடுக்கிற டீலருக்கு மனைவியோடு லங்காவி என்று கம்பெனி சொல்லியிருந்தது. இருதயராஜ் எடுத்துவிட்டார். எடுத்தாரே தவிர விற்கவில்லை. கடையின் பின்னறை, மாடிப்படிக்குக் கீழே, வீட்டில் கட்டிலுக்கு அடியில் என்று எங்கும் டின்கள். அவர் மனைவி ஆரோக்கியசெல்வி இரண்டு மாதமாக நாற்பது லிட்டர் பிரைமருக்கு மேலேதான் தூங்கினாள்.

அவர்கள் காலனியிலிருந்து வேலைக்கென்று துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. எப்போதோ சிங்கப்பூர் போய்வந்த வீட்டுக்காரரை விட்டால், சும்மா சுற்றிப் பார்க்க விமானம் ஏறுகிறவர்கள் இவர்கள்தான் முதல். அதனால் செய்தி பரவிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் வெறும் வாயோடு திரும்பவில்லை. ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

நாத்தனார் மலர்விழி ஒலக்கூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டாள்.

"அண்ணி, எனக்கு ஒரே ஒரு ஹேண்ட் பேக் போதும். அங்க ட்யூட்டி ஃப்ரீயாம். வரியே கெடையாதாம். தீவு பூரா கடைதானாம்."

ஆரோக்கியசெல்வி ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அங்கே ஹெட்மிஸ்ட்ரஸ் சென்ட் கேட்டார். ஆயா தைலம் கேட்டார். சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டி சாவிக்கொத்துக்கு ஏதாவது தொங்கவிட வேண்டும் என்றார். வீட்டுக்காரம்மா குணமதி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கடையும் வீடும் பார்சுவநாத் நயினாருடையது. அவரும் மனைவி குணமதியும் மகள் அனுஷாவும் மாடியில் இருந்தார்கள். ஜைனக் குடும்பம். கிழங்கு சேர்க்க மாட்டார்கள், விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டார்கள்.

"எதுனா சொல்லுங்க அக்கா" என்று ஆரோக்கியசெல்விதான் வற்புறுத்தினாள்.

"அனுஷாவுக்கு ஒரு சாக்லேட்டு பொட்டி கொண்டா, போதும். ஆனா அதுல முட்டை கிட்டை இருக்கக் கூடாது. ஜெலட்டின்னு ஒண்ணு போடுவான், அது எலும்புலேர்ந்து எடுக்கறது."

"பாத்து வாங்கியாறேன் அக்கா."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்று குணமதி சொன்னாள். அதைக் கேட்டதும் ஆரோக்கியசெல்விக்கு முதுகில் பத்து கிலோ ஏறிய மாதிரி இருந்தது.

மொத்தம் முப்பத்தொரு பேர். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டாள். யூட்யூபில் லங்காவிக் கடைகளைப் பற்றி எத்தனை வீடியோ உண்டோ அத்தனையும் பார்த்தாள். புறப்படுகிற நாளில், அந்தத் தீவின் குவா டவுனில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று, திண்டிவனம் மார்க்கெட்டைவிட அதுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தீவில் இறங்கியதும் மற்ற டீலர்களின் மனைவிமார் கடலைப் பார்த்துச் செல்ஃபி எடுத்தார்கள். ஆரோக்கியசெல்வி ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் குவாவுக்கு டாக்சி எங்கே நிற்கும் என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் எல்லோரும் கேபிள் கார் ஏறி, மலை உச்சியில் ஆகாயத்தில் கட்டியிருக்கிற பாலத்துக்குப் போனார்கள். அவள் குவாவில் கடைகளுக்குப் போனாள். மூன்றாம் நாள் எல்லோரும் படகில் சின்னச் சின்னத் தீவுகளுக்குப் போனார்கள். அவள் செனாங் கடற்கரைக்குப் போனாள். கடற்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கடைகளுக்கு. சாயங்காலம் இரவுச் சந்தை. அது தினம் ஒரு ஊரில் கூடும், நம்ம ஊர் வாரச் சந்தை மாதிரி. இன்றைக்கு எங்கே கூடும் என்பதை, அங்கேயே பிறந்தவள் மாதிரி அவள் சொன்னாள்.

சாக்லேட் கடையில்தான் நேரம் போனது. சிமென்ட் மூட்டை மாதிரி சாக்லேட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, திருப்பி, பொடி எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடையில் நின்ற பெண், பார்த்தால் நம்ம பெண், கடைசியில் தமிழில் கேட்டுவிட்டாள்.

"அக்கா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?"

ஆரோக்கியசெல்வி சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியை எடுத்தாள். இருபத்து மூன்றாவது பெட்டியில்தான் முட்டையும் இல்லை, ஜெலட்டினும் இல்லை.

ஓட்டலுக்குத் திரும்பியதும் இருதயராஜிடம் கேட்டாள். "பாலம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

மறுநாள், "போட்டுல போனீங்களே, எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார் அவர். இருபது வருஷமாகப் பிரியாணிக்கும் அதேதான், பிரசங்கத்துக்கும் அதேதான்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. அழுக்குத் துணி இருந்த சின்னப் பெட்டி முதலிலேயே வந்துவிட்டது. முப்பத்தொரு பேரின் சாமான் இருந்த பெரிய பெட்டி வரவில்லை. பெல்ட் காலியாகச் சுற்றியது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாக ஒரு ஃபாரம் கொடுத்து, மூன்று நாளில் வந்துவிடும் என்றார். சொன்ன விதத்திலேயே வராது என்று தெரிந்தது.

ஊர் திரும்பும் வேனில் ஆரோக்கியசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"உண்மையச் சொல்லிடலாம் செல்வி" என்றார் இருதயராஜ். "பொட்டி காணாமப் போச்சு. நாம இன்னா பண்றது?"

"யாரு நம்புவாங்க? வல்லரசு கதை மறந்துபோச்சா ஒங்களுக்கு?"

அவருக்கு மறக்கவில்லை. வல்லரசு அவளுடைய பெரியப்பா மகன். ஏழு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டிலிருந்து வந்தவன், பெட்டி தொலைந்துவிட்டது என்று சொன்னான். உண்மையிலேயே தொலைந்துதான் போயிருந்தது. இன்றைக்கு வரைக்கும் அவன் பெயர் பொட்டி வல்லரசு. அவன் மகளின் காதுகுத்துப் பத்திரிகையைக் கூட, "யாரு, பொட்டி வூட்டு விசேஷமா?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

முன் சீட்டில் விழுப்புரத்து டீலர் அன்புச்செல்வன் இருந்தார். நாலு நாளும் கடலிலேயே கிடந்து கறுத்துப்போயிருந்தார். கையில் ஒரு பை கூட இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கா டீச்சர் பேஜாரு பண்ணிக்கினு வர்றீங்க? விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல சவுரிராயன் கடைன்னு கேளுங்க. நான் எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கதான் வாங்கறது. போறதுக்கு முன்னாடியே லிஸ்ட்ட குடுத்துட்டுப் போய்டுவேன். அப்பதான் போன எடத்துல நிம்மதியா சுத்தலாம்."

ஆரோக்கியசெல்வி அவரை வெறித்துப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாக அவளுக்குக் கடல் ஞாபகம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வரப்போகிறார்கள். காலையிலேயே பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்கினாள். அன்புச்செல்வன் சொன்ன கடை ஒரு செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. வெளியே பெயர்ப்பலகை இல்லை. உள்ளே அறுபது வயதுக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டையில், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் மாதிரி அடக்கமாக நின்றார்.

"எங்கேர்ந்து வர்றீங்கம்மா?"

"திண்டிவனம்."

"அது தெரியுது. எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்கன்னு கேட்டேன்."

ஆரோக்கியசெல்வி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "லங்காவி" என்றாள் மெதுவாக.

சவுரிராயன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: துபாய், மஸ்கட், குவைத், சிங்கப்பூர். அவை பழைய பெட்டிகள், ஓரம் கிழிந்து டேப் ஒட்டியவை. மேல் வரிசையில் புதிய பெட்டிகள்: பாலி, புக்கெட், மாலத்தீவு. இப்போதெல்லாம் வேலைக்குப் போகிறவர்களைவிடச் சுற்றப் போகிறவர்கள் அதிகம் என்று அவர் சொன்னார். உரக் கம்பெனி, சிமென்ட் கம்பெனி, இன்சூரன்ஸ், எல்லோரும் தீவுக்குத்தான் அனுப்புகிறார்கள். தேனிலவுக்காரர்கள் தனி.

லங்காவிப் பெட்டி மேஜைக்கு வந்தது. ஹேண்ட் பேக், சென்ட் பாட்டில், சிவப்பு மூடி போட்ட தைலம், கழுகுப் படம் போட்ட சாவிக்கொத்து, தங்கத்தாள் சுற்றிய சாக்லேட். எல்லாவற்றிலும் அவளுக்குத் தெரியாத ஏதோ எழுத்து. ஆரோக்கியசெல்வி அங்கே இரண்டு நாள் அலைந்து பொறுக்கியதை இந்த மனிதர் ஒரே அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்.

"இதெல்லாம் அங்கேர்ந்து வருதா அண்ணா?"

"டெல்லிலேர்ந்து வருது. கொஞ்சம் மெட்ராஸ்." அவர் பொய் சொல்லவில்லை. தொழிலில்தான் பொய்யே தவிர, பேச்சில் இல்லை. "பையில போட்டுக் குடுத்தாத்தான் அழகு" என்று ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதில் ட்யூட்டி ஃப்ரீ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. "வெலை கேட்டா ரூபாயில சொல்லாதீங்க. ரிங்கிட்ல சொல்லுங்க. அத ரூபாய் ஆக்கறதுக்குள்ள அவங்களுக்கு அலுத்துப்போய்டும்."

பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிக்காதீங்க. தீவுக்குப் போய்ட்டு வந்த மூஞ்சி இல்லம்மா இது. கறுக்கவே இல்ல."

"கடைக்குள்ளயே இருந்துட்டேன். ஏசி."

"அப்ப நெஜமாவே போய்ட்டுதான் வந்தீங்களா?" என்றார் சவுரிராயன். அவர் குரலில் முதல் தடவையாக ஆச்சரியம் தெரிந்தது.

சாமான்களைக் கட்டிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். பதினோரு வருஷம் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கியவர் அவர். ஊருக்குத் திரும்பும் சமயத்தில் முதலாளி கடையை மூடிவிட்டு ஓடிவிட்டான். கையில் ஒன்றுமில்லாமல் சென்னையில் இறங்கி, வழியிலேயே கடைத்தெருவில் நாலு பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தங்கச்சி அந்த சோப்பை முகர்ந்து பார்த்து, துபாய் வாசனையே வேற அண்ணா என்றாளாம். "பதினோரு வருஷம் நான் துபாய்லேர்ந்து அனுப்புன சோப்புக்கு அவ அப்படிச் சொன்னதே இல்ல" என்றார். அடுத்த மாதமே கடை போட்டுவிட்டார்.

ஆரோக்கியசெல்வி எல்லாவற்றையும் சரிபார்த்தாள். சாக்லேட் பெட்டியை எடுத்ததும் கை தானாகத் திருப்பிவிட்டது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. ஒரு எழுத்து கூடப் படிக்க வரவில்லை.

"இதுல ஜெலட்டின் இருக்குமா அண்ணா?"

சவுரிராயன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷமா விக்கறேன். யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. ஆரோக்கியசெல்வி மஞ்சள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முதல் இரண்டு பைகளை யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர்களே அவளுக்கு உதவி செய்தார்கள். மலர்விழி ஹேண்ட் பேக்குக்குள் மூக்கை விட்டு மூச்சை இழுத்தாள்.

"பாத்தியா, ஃபாரின் வாசனை. இந்த மாதிரி தையல் நம்ம ஊர்ல வருமா? ஒரு பிசிறு இல்ல."

ஹெட்மிஸ்ட்ரஸ் சென்டை மணிக்கட்டில் தடவிக்கொண்டு, இங்கே கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட் என்றார். கோயில்குட்டி சாவிக்கொத்தில் கழுகை மாட்டிப் பார்த்துவிட்டு, வெயிட்டே வேற என்றார். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தவள், வாய் திறந்ததும் தடையே இல்லாமல் சொன்னாள். குவாவில் கழுகுச் சிலையிலிருந்து டாக்சியில் எவ்வளவு நேரம், எந்தக் கடையில் தட்டு நன்றாயிருக்கும், எதில் சாக்லேட், செனாங்கில் எந்தச் சந்துக்குள் போனால் துணி மலிவு, இரவுச் சந்தையில் எத்தனை மணிக்கு மேல் கூட்டம் என்று எல்லாமே உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த உண்மையைக் கேட்டுத்தான் டெல்லிச் சாமானை எல்லோரும் நம்பினார்கள்.

"கடல் எப்படி அண்ணி?" என்று கேட்டாள் மலர்விழி.

"நல்லா இருந்துச்சு" என்றாள் ஆரோக்கியசெல்வி.

இருதயராஜ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் காபி கொண்டுவர எழுந்து போனார்.

முப்பது பேருக்கு முடிந்தது. மிச்சம் ஒரு தங்கத்தாள் பெட்டி. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் நின்றாள். ஹெட்மிஸ்ட்ரஸின் சென்டில் என்ன இருந்தாலும் அது அவர் மணிக்கட்டோடு போகும். இது அனுஷாவின் வயிற்றுக்குள் போவது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் கேக்கைக் கூடத் தொடாமல் வளர்ந்தவள். இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். மேலேயிருந்து குணமதியின் குரல் கேட்டது.

"யாரு, செல்வியா? வா, வா. இப்பதான் மல்லாட்ட வறுத்தேன்."

ஆரோக்கியசெல்வி உள்ளே போய் உட்கார்ந்தாள். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, பெல்ட் நின்றதிலிருந்து சவுரிராயன் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கீழே குனிந்தபடியே சொன்னாள்.

"அங்க பாத்துதான் வாங்கினேன் அக்கா. இருவத்திமூணு பொட்டி படிச்சேன். அது போய்டுச்சு. இது இன்னான்னே தெரியல. கீழ எல்லாருக்கும் குடுத்துட்டேன். ஒங்களுக்குக் குடுக்க மனசு வரல."

குணமதி நிலக்கடலைத் தோலை ஊதிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த சவுரிராயன் இன்னும் கடை நடத்திக்கினு இருக்காரா?"

ஆரோக்கியசெல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க சிங்கப்பூர் போனமே, அப்ப இவரு ஏழு நாளும் பார்க்கு, மியூசியம்னு இஸ்துக்கினு சுத்தினாரு. கடைப்பக்கமே வுடல. ஊருக்குள்ள எப்படி வெறுங்கையோட வர்றது? டாக்சிய நேரா விழுப்புரம் வுடச் சொல்லிட்டேன்."

"அப்ப எனக்குக் குடுத்தீங்களே, பூப்போட்ட பிளாஸ்க்கு?"

"அது சிங்கப்பூர் பொட்டிதான்" என்றாள் குணமதி, சட்டத்துக்கு உட்பட்டுப் பதில் சொல்கிறவள் மாதிரி.

ஒன்பது வருஷமாக அந்த பிளாஸ்க் ஷோகேசில் இருக்கிறது. பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது இரண்டு தடவை மட்டும் அதில் டீ ஊற்றியிருக்கிறாள். ஆரோக்கியசெல்விக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் குணமதியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. குணமதியும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். உள்ளேயிருந்து பார்சுவநாத் நயினார் எட்டிப் பார்த்து, "இன்னா விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல, சிங்கப்பூரப் பத்திப் பேசிக்கினு இருக்கோம்" என்றாள் குணமதி. அவர் உடனே வந்து உட்கார்ந்து, அங்கே பார்த்த பறவைப் பூங்காவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

பதினாறாவது நாள் பெரிய பெட்டி வந்தது. கொரியர்காரர் ஆட்டோவிலிருந்து இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கைப்பிடியில் நாலு ஊர்ச் சீட்டுகள் தொங்கின. இவர்களைவிட அதிக நாடு பார்த்துவிட்டு வந்திருந்தது அது.

திறந்து பார்த்தால் ஒரு சாமான் குறையவில்லை. சாக்லேட் மட்டும் ஏதோ ஒரு வெயிலில் உருகி, ஏதோ ஒரு குளிரில் திரும்ப இறுகி, பெட்டி மூலையின் வடிவத்தில் ஒரே கட்டியாகியிருந்தது. ஆரோக்கியசெல்வி அதை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனாள். குணமதி பாக்குவெட்டியால் உடைத்து அனுஷாவுக்குக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

மற்றதுதான் சிக்கல். முப்பது பேருக்கும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இரண்டாவது தடவை கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு சாமானையாவது ஆளிடம் சேர்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பாத்திக் துணி ஒன்றை எடுத்தாள். செனாங்கில் ஒரு அம்மா கையாலேயே மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது. நேரில் பார்த்து வாங்கினாள். ஒலக்கூருக்குப் போய் மலர்விழியிடம் கொடுத்து, "அன்னிக்கி குடுக்க மறந்துட்டேன்" என்றாள்.

மலர்விழி விரித்துப் பார்த்தாள். தோளில் லங்காவி ஹேண்ட் பேக் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணி, பாண்டி சண்டே மார்க்கெட்டா?"

"லங்காவி, மலரு. கையால பண்ணது."

"அதான் பாத்தேன், அங்கங்க சாயம் எறங்கி இருக்குது. பரவால்ல அண்ணி, வூட்ல கட்டிக்கறேன்." அண்ணி மனசு நோகக் கூடாதே என்று அவள் மடித்து வைத்துக்கொண்டது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆரோக்கியசெல்வி மிச்சச் சாமானை எல்லாம் ஒரு பையில் அடைத்துக்கொண்டு விழுப்புரம் போனாள். வைத்திருந்தால் கண்ணை உறுத்துகிறது. சவுரிராயனிடம் கொடுத்தால் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தைல பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். இன்னொரு பாத்திக் துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். முகத்தில் மரியாதை தெரிந்தது.

"அசல்ம்மா இது."

"ஆமாண்ணா. வெச்சிக்கங்க. காசு வேணாம்."

"காசுக்குச் சொல்லல. இத நான் யாருக்குக் குடுப்பேன்? இந்தத் தைலத்துல மீன் வாசன வருது. லேபிள்ல படம் இல்ல. துணி, பாண்டில விக்கற மாதிரி இருக்கு. இதக் கொண்டுபோய்க் குடுத்தா, லங்காவிக்கே போகலன்னு சொல்லிடுவாங்க." பையை அவள் பக்கமே திரும்ப நகர்த்தினார். "என் கஸ்டமர் மானம் போய்டும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவரே கூப்பிட்டார்.

"டீச்சர்னு சொன்னீங்க இல்ல? ஒரு ஒத்தாசை பண்ணுங்க. சாமானுக்குக் கொறையில்ல. கேள்வி கேக்கறப்பதான் நம்மாளுங்க மாட்டிக்கறாங்க. எங்க வாங்கினே, எந்தக் கடைன்னு கேட்டா முழிக்கறாங்க. போன வாரம் ஒருத்தர், அங்க போய்ட்டு வந்தவரு, ரூமைவிட்டு வெளிய வரவே இல்லயாம், லங்காவி சிங்கப்பூருக்குள்ள இருக்குதுன்னு சொல்லிட்டாராம். நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா, பக்கத்துலயே ஜெராக்ஸ் எடுத்து, பொட்டியோட சேத்துக் குடுத்துடுவேன்."

ஆரோக்கியசெல்விக்கு மறுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேஜைமேல் வைத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். அந்த இரண்டு நாளைப் பற்றி ஊரில் யாரும் அவளிடம் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. உட்கார்ந்தாள். 'லங்காவியில் எங்கே வாங்கலாம்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தாள். குவாவிலிருந்து ஆரம்பித்தாள். எந்தக் கடையில் நுழைந்ததும் வலது பக்கம் சாக்லேட், எதில் பில் போட வரிசை நீளம், எந்தச் சந்தையில் எந்தக் கிழமை. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. தமிழ் பேசிய கடைப்பெண்ணையும் எழுதினாள். படித்துப் பார்க்காமல் சாக்லேட் வாங்காதீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்தாள்.

ஒன்றரைப் பக்கம் ஆனது. சவுரிராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பிரமாதம்மா. போய்ட்டு வந்த மாதிரியே இருக்கு" என்றவர், கடைசி வரியில் விரலை வைத்தார். "கடலப் பத்தி ரெண்டு வரி போட்ருங்க. தீவுன்னா கடலக் கேக்காம இருக்க மாட்டாங்க."

ஆரோக்கியசெல்வி பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்து இருதயராஜைக் கூப்பிட்டாள். கடையில் கலர் கலக்கும் மெஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

"ஏங்க, அங்க கடல் இன்னா கலர்ல இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். மெஷின் சத்தம் நின்றது.

"எங்கேர்ந்து பாத்தா?" என்றார்.

"எங்கேர்ந்துனா சொல்லுங்க."

"கரைகிட்டன்னா பிரோசி, பச்ச கலந்த நீலம். ஆனா டின்ல இருக்கற பிரோசி இல்ல. வெள்ள பேஸ்ல ரெண்டு சொட்டு வுட்டா ஒண்ணு வரும் பாரு, அது. கொஞ்சம் தள்ளிப் போனா சீ கிரீன். போட்டு போற எடத்துல மயில் கழுத்து. பாலத்து மேலேர்ந்து பாக்கறப்ப இது மூணும் தனித்தனியா தெரியுது, ஆனா ஒண்ணு எங்க முடிஞ்சி இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. நம்ம பெயின்டருங்க அடிச்சா கோடு தெரியும். அதுல கோடே இல்ல செல்வி. மேகம் வந்துச்சின்னா மொத்தமும் ஒரு ஷேடு எறங்குது. பாத்துக்கினே நின்னேன். கூட வந்தவங்க கீழ எறங்கிட்டாங்க."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏங்க இதெல்லாம் அங்கயே சொல்லல?"

"நீ கடையப் பத்தி சொல்லிக்கினு இருந்தியே." டப்பா மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "வந்ததுலேர்ந்து மெஷின்ல போட்டுப் பாத்துக்கினு இருக்கேன், உனக்குக் காட்டலாம்னு. அஞ்சு டப்பா கலந்துட்டேன். கிட்டக்க வருது. வர மாட்டேங்குது."

பின்னால் யாரோ வாடிக்கையாளர் கூப்பிட்டார். வைத்துவிட்டார்.

சவுரிராயன் மேஜைக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். "இன்னா கலராம்மா?"

ஆரோக்கியசெல்வி தாளைப் பார்த்தாள். அந்த முத்து முத்தான எழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் மிச்சமிருந்தது.

"நீலம்னு போட்டுக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி அவரிடம் கொடுத்தாள்.